துரப்பணக் கப்பலில் இரண்டு மாதம்: கடலூர், புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறவர்களுக்கும் காலாப்பட்டில் புவி அறிவியல் படிக்கிறவர்களுக்கும் கடலடியைத் துளைத்து மண் எடுக்கும் ஆழ்கடல் துரப்பணக் கப்பலில் ஏறும் வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் தயாராக இரண்டு, மூன்று மாதம்தான் கிடைக்கும். விண்ணப்பம் எழுதச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். கப்பலில் எப்படித் தூங்குவது, எதைச் சாப்பிடுவது, மேலே வரும் மண்ணை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை. அதற்காகத்தான் இது.

கீழே சொல்வதில் பெரும்பகுதி ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பலில் உருவான நடைமுறை. 143 மீட்டர் நீளம், நடுவில் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேல் எழும் துரப்பணக் கோபுரம், அதன் அடியில் கப்பலின் வயிற்றைத் துளைத்து வைத்த 7 மீட்டர் அகல ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் குழாய் கடலுக்குள் இறங்கும். 1985 முதல் அறிவியல் பணியில் இருந்த அந்தக் கப்பல் 2024-இல் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. ஜப்பானின் சிக்யூ இருக்கிறது; 2024 நவம்பரில் சீனாவின் மெங்ஷியாங் பணிக்கு வந்தது. கப்பல் மாறினாலும் 12 மணி நேர ஷிப்ட், கோர் (கடலடியிலிருந்து உருளையாக எடுக்கும் மண்) கையாளும் முறை, பெயரிடும் முறை ஆகியவை பெரிதாக மாறவில்லை. இந்தியாவிலிருந்து இத்தகைய பயணங்களுக்கான தொடர்பு கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் கடல் ஆய்வு மையம் வழியாகவே நடந்து வந்திருக்கிறது. அவர்கள் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நம் கரைக்கும் இந்த வேலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2006-இல் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் எரிவாயு ஹைட்ரேட் (கடலடியில் பனிக்கட்டிபோல் உறைந்த எரிவாயு) தேடித் துளையிட்டது இதே ஜாய்டஸ் ரெசல்யூஷன். 2014 நவம்பரில் தொடங்கிய அதே கப்பலின் 353-ஆம் பயணம் பருவமழையின் பழைய வரலாற்றைத் தேடி வங்கக்கடலுக்கு வந்தது. 2015-இல் 354-ஆம் பயணம் இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்து வந்த மண்ணை 8 டிகிரி வடக்கு அட்சரேகை நெடுக ஏழு இடங்களில் துளைத்து எடுத்தது. தேவனாம்பட்டினத்தை 2004-இல் அடித்த சுனாமிக்குக் காரணமான சுமத்ரா நிலநடுக்கம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்ற கேள்வியோடு 2016-இல் 362-ஆம் பயணம் போனது.

முதலில் தூக்கம்

ஷிப்ட் நண்பகல் 12 முதல் நள்ளிரவு 12 வரை, அல்லது நள்ளிரவு 12 முதல் நண்பகல் 12 வரை. ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. கிட்டத்தட்ட எட்டு வாரம் இப்படியே ஓடும். முதல் வாரம் ஆர்வத்தில் ஷிப்ட் முடிந்தும் ஆய்வகத்தில் நிற்பார்கள். மூன்றாம் வாரம் கை தடுமாறும், லேபிளைத் தப்பாக எழுதுவார்கள். கப்பலில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றைத் தேடிப்போனால் தூக்கமின்மையில்தான் போய் நிற்கும். ஆகையால் ஷிப்ட் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் படுக்கையில் இருப்பது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நள்ளிரவு ஷிப்ட் உங்களுக்கு என்று தெரிந்தால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தூங்கும் நேரத்தை நகர்த்தத் தொடங்குங்கள். மாலை 3 மணிக்குப் படுத்து இரவு 11-க்கு எழுவது இலக்கு. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நகர்த்த வேண்டாம், உடம்பு கேட்காது. கத்திரி வெயிலில் கடலூர் வீட்டில் பகலில் தூங்குவது கஷ்டம்தான். கண்கட்டும் துணியும் காதடைப்பானும் போட்டு இங்கேயே பழகிவிட்டால் கப்பலில் சுலபமாக இருக்கும். ஷிப்ட் முடிந்ததும் வெளி டெக்கில் போய் வெயிலில் நின்றால் தூக்கம் ஓடிவிடும். வெயில் வேண்டுமென்றால் எழுந்தவுடனோ, ஷிப்டின் கடைசி மணிகளிலோ பாருங்கள்.

கேபினை இருவராகவோ நால்வராகவோ பகிர்ந்துகொள்வீர்கள். இருவர் கேபினில் பெரும்பாலும் எதிரெதிர் ஷிப்ட்காரர்களைப் போடுவார்கள். அதாவது நீங்கள் வேலையில் இருக்கும்போது அவர் தூங்குகிறார். அந்த 12 மணி நேரம் கேபின் அவருடையது. மறந்த கண்ணாடியை எடுக்கவோ சார்ஜரை எடுக்கவோ உள்ளே போகாதீர்கள். ஷிப்டுக்குப் போகும்போதே ஒரு சிறு பையில் கண்ணாடி, மாத்திரை, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில், நோட்டுப்புத்தகம் என எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் வையுங்கள்.

மூட்டை கட்டும்போது

ஆய்வகங்கள் ஏசியில் சில்லென்று இருக்கும். வெளி டெக் வேறு உலகம். முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம். கோர் வாங்கும் மேடைக்குப் போக இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி வேண்டும். கப்பலில் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுவரச் சொன்னால் கடலூர் சிப்காட் தொழிலாளர்கள் வாங்கும் கடைகளில் பாருங்கள். வாங்கி இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழகுங்கள். 12 மணி நேரம் புதுக் காலணியில் நின்றால் குதிகால் உரிந்துவிடும். லுங்கி, நைட்டி கேபினுக்குள் மட்டும். ஆய்வகத்தில் துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல், கொலுசு எதுவும் கூடாது. கோரை அறுக்கும் ரம்பம் துணியை இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு மேலே பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள்.

துணியைப் பையில் போட்டு வெளியே வைத்தால் துவைத்துத் தருவார்கள். எல்லாத் துணியிலும் அழியாத மையில் பெயர் எழுதுங்கள். வெந்நீரில் துவைப்பதால் சாயம் போகும் சுங்குடி, கைத்தறி எதையும் கொண்டுபோக வேண்டாம்.

மருத்துவச் சான்றோடு பல் பரிசோதனையும் கேட்பார்கள். அதை வெறும் காகித வேலை என்று விடாதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், பல் மருத்துவர் இருக்கமாட்டார். சொத்தைப் பல் இருந்தால் கிளம்பும் முன் அடைத்துவிடுங்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாட்களுக்கு மேல் இன்னும் ஒரு மாதத்துக்கு, அசல் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டரில் ஏறி இறங்க வேண்டிய பயணமென்றால், நீருக்குள் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பயிற்சியையும் கேட்கலாம்.

சாப்பாடு

ஆறு மணி நேரத்துக்கு ஒரு வேளை என்று நாளுக்கு நான்கு வேளை சாப்பாடு. நள்ளிரவு ஷிப்ட்காரருக்கு நள்ளிரவில் இருப்பது காலை உணவா இரவு உணவா என்று குழப்பம் வரும். ஷிப்டுக்கு முன் ஒரு வேளை, நடுவில் ஒரு வேளை, முடிந்ததும் ஒரு வேளை என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டால் வயிறு கெடாது. நான்கு வேளையும் உட்கார்ந்தால் எட்டு வாரத்தில் பேன்ட் போட முடியாது.

சோறு கிடைக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டவர் அதிகம் வேலை பார்த்த கப்பல்களில் சோறு இல்லாத வேளையே இருக்காது. சைவக்காரர்கள் முன்கூட்டியே படிவத்தில் எழுதிவிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்களா, மீன் சேர்த்த சாறு ஆகுமா என்று தெளிவாக எழுதுங்கள். கீரை முதல் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும். மூன்றாம் வாரத்துக்குப் பின் முட்டைக்கோஸ், கேரட், உருளை, உறைந்த பட்டாணி இவைதான். அப்போது கைகொடுப்பது பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கருவேப்பிலைப் பொடி. அரைக்கிலோ பொடி போதும். இரண்டு அடுக்கு ஜிப் பையில் போட்டு டப்பாவில் அடையுங்கள். எண்ணெய் ஊறிய ஊறுகாய் விமானச் சரக்கில் கசியும். எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் உணவுப் பொருள் எல்லாவற்றையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் விழும். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எதுவும் கேபினில் வைக்கக் கூடாது. ஊதுபத்தி, சூடம், அகல் விளக்கும் கூடாது. புகை உணர்கருவி கத்தினால் மொத்தக் கப்பலும் எழுந்து நிற்கும். பொங்கலன்று கடலில் இருந்தால் சமையல்காரரிடம் முந்தின நாளே சொல்லுங்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் கொடுத்தால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வைத்துத் தருவார்கள். மது கப்பலில் கிடையாது.

கடல்நோய்

முதுநகரிலிருந்து பைபர் படகில் போய்ப் பழகியவர்களும் இங்கே வாந்தி எடுப்பார்கள். சிறு படகு துள்ளும். பெரிய கப்பல் மெதுவாகச் சாயும், மெதுவாகத் திரும்பும். அந்த மெதுவான ஆட்டம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குப் புதிது. போதாக்குறைக்கு அடிவானம் தெரியாத அறையில் நுண்ணோக்கியைப் பார்த்தபடி இருப்பீர்கள். கண் அசையவில்லை என்கிறது, காது அசைகிறது என்கிறது. குமட்டல் அங்கிருந்துதான் வருகிறது.

மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே சாப்பிட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கினால் வயிற்றில் நிற்காது. அவோமின் போன்றவை தூக்கம் வரவைக்கும். ஊரில் ஒரு விடுமுறை நாளில் சாப்பிட்டுப் பார்த்து உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரம்பத்தின் அருகில் அரைத் தூக்கத்தில் நிற்கக் கூடாது. குமட்டல் வந்தால் கப்பலின் நடுப்பகுதிக்கு, கீழ்த்தளத்துக்கு வாருங்கள். முன்முனையில் ஆட்டம் அதிகம். காலி வயிறு இன்னும் மோசமாக்கும், ஆகவே உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும் சிறிது சிறிதாக. பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று நாளில் சரியாகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட தங்கவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

கோர் வரும்போது

கப்பல் நங்கூரம் போடாது. சுற்றிலும் உள்ள உந்திகளைக் கணினி இயக்கி, துளைக்கு நேர் மேலே நிறுத்தி வைக்கும். பல ஆயிரம் மீட்டர் குழாயின் அடிமுனையில் மண்ணுக்குள் செலுத்தப்பட்ட உருளையைக் கம்பிவடத்தில் மேலே இழுப்பார்கள். ஆழத்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு ஒன்று வரும். ஒலிபெருக்கியில் “கோர் ஆன் டெக்” என்று கேட்டதும் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு மேடையில் இருக்க வேண்டும்.

வருவது ஒன்பதரை மீட்டர் நீள பிளாஸ்டிக் லைனர், அதாவது உறைக் குழாய். உள்ளே ஆறரை சென்டிமீட்டர் தடிமனில் மண். வெளியே இழுத்து மேடையில் கிடத்தியதும் தொழில்நுட்பர் மேலிருந்து கீழாக ஒன்றரை மீட்டருக்கு ஒரு கோடு போடுவார். ஆறு முழுத் துண்டு, மிச்சம் ஒரு குட்டைத் துண்டு. வெட்டிய உடனே மூடி போட வேண்டும்: மேல் முனைக்கு நீலம், கீழ் முனைக்கு நிறமற்றது. துண்டை முழு வட்டமாக வெட்டி எடுத்த இடத்தில் மஞ்சள். மூடியை அசிட்டோன் தடவி ஒட்டுவார்கள். காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நில்லுங்கள், மூக்கில் ஏறாது.

இந்த நீல மூடியில் தவறினால் பின்னால் யாராலும் திருத்த முடியாது. ஒரு துண்டு தலைகீழாகிவிட்டால் பழைய மண் புதியதாகவும் புதியது பழையதாகவும் பதிவாகும்; மண்ணில் பதிந்த காந்தப் புலத் திசையும் தலைகீழாகத் தெரியும். கையில் துண்டை வாங்கும்போதே “மேல் முனை” என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள். தூக்கம் வரும் நேரத்தில் அந்தச் சத்தம்தான் காப்பாற்றும். துண்டை எப்போதும் ஒரே திசையில் தூக்கி, ஒரே திசையில் ரேக்கில் வையுங்கள். நடுவில் திருப்பிப் பிடிக்காதீர்கள்.

மண் நழுவாமல் பிடிக்க அடிமுனையில் இருக்கும் கோர் கேச்சரிலிருந்து எடுத்த மண் நேரே நுண்புதைபடிவம் பார்ப்பவருக்குப் போகும். 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, அந்த ஆழத்தின் வயதைச் சொல்வது அவர் வேலை. மண் துகள்களுக்கு இடையே தங்கிய நுண்துளை நீரை எடுக்க வெட்டும் துண்டு உடனே அழுத்தும் கருவிக்குப் போக வேண்டும், தாமதித்தால் காற்று பட்டு வேதிநிலை மாறும். மற்ற துண்டுகள் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ரேக்கில் காத்திருக்கும். கடலடி மண் குளிர்ந்து வரும். அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் ஒலி வேகமும் வெப்பக் கடத்துத்திறனும் ஒப்பிடக்கூடிய அளவாகக் கிடைக்கும். அவசரப்பட்டு முன்னால் அளக்காதீர்கள்.

பிறகு நெடுக்காகப் பிளப்பார்கள். இளகிய மண்ணைக் கம்பியால், கடினமானதை வைர ரம்பத்தால். கம்பி அடியிலிருந்து மேலாகப் போகும், ஆகவே வெட்டுமுகத்தில் கீழ்மண் மேலே இழுபட்டிருக்கும். பார்ப்பதற்கு முன் அந்த முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். குறுக்காக மட்டும் சுரண்டுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் தகட்டைத் துடையுங்கள். நெடுக்காகச் சுரண்டினால் ஒரு அடுக்கின் சேற்றை இன்னொன்றில் நீங்களே பூசுகிறீர்கள். ஒரு பாதி ஆவணப் பாதி: படம் எடுப்பது, வண்ணம் பார்ப்பது, காந்தம் அளப்பது இதில். மாதிரி எடுப்பது இன்னொரு பாதியில் மட்டும்.

இனி, கோரில் தெரிவதெல்லாம் கடலின் வரலாறு அல்ல. புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடங்கள்:

கோரின் மேல் சில பத்து சென்டிமீட்டரில் கலவையான கூழும் சரளையும் இருந்தால் அது துளையின் சுவரிலிருந்து விழுந்தது. அடிப்பகுதியில் நெடுக்காகக் கோடுகோடாகத் தெரிந்தால், உருளை முழுதாகப் புதையாமல் அதற்குள் இருக்கும் பிஸ்டன் உறிஞ்சி இழுத்த சேறு. இரண்டையும் அடுக்கு என்று பதியாதீர்கள். சுழலும் முறையில் எடுத்த கோரில் சில சென்டிமீட்டருக்கு ஒரு வில்லை, நடுவே கூழ் என்று வரும். வில்லைகள்தான் உண்மையான மண், கூழ் துரப்பணத்தில் அரைபட்டது. அந்த வில்லைகள் ஒவ்வொன்றும் தனியாகச் சுழன்றிருக்கும் என்பதால் திசை சார்ந்த அளவு எதையும் அவற்றில் நம்பாதீர்கள்.

கோர் ஒன்பதரை மீட்டரைவிட நீளமாக இருந்தால் வாயு விரிந்திருக்கிறது. அழுத்தம் குறைந்ததும் மீத்தேன் பிரிந்து மண்ணைத் தள்ளும். சில நேரம் லைனர் வெடிக்கும், முனையிலிருந்து சேறு பீய்ச்சும். தொழில்நுட்பர் லைனரில் சிறு துளைகள் போட்டு வாயுவை வெளியேற்றுவார். அந்த நேரம் முனைக்கு நேரே நிற்காதீர்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். ஒவ்வொரு கோரிலிருந்தும் சிறு மண் மாதிரியைக் குப்பியில் அடைத்துச் சூடாக்கி மீத்தேனுக்கும் ஈத்தேனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். ஈத்தேன் பங்கு எதிர்பாராமல் ஏறினால் கீழே எண்ணெய் வாயு இருக்கலாம் என்று துரப்பணத்தையே நிறுத்துவார்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. உடனே காற்று வீசி வரும் பக்கமாக விலகி, சொல்லுங்கள். நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். செறிவு ஏறினால் மூக்கு மரத்துவிடும், அதுதான் ஆபத்து.

ஒரே இடத்தில் ஏன் இரண்டு, மூன்று துளை என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு கோருக்கும் அடுத்த கோருக்கும் நடுவில் சிறிது மண் தவறிப்போகும். பக்கத்துத் துளையில் ஆழத்தை மாற்றி எடுத்தால் அந்த இடைவெளி நிரம்பும்.

பெயரிடும் முறையை ஊரிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். 353-யு1445ஏ-10எச்-3டபிள்யூ, 40–42 செ.மீ. என்றால்: 353-ஆம் பயணம், யு1445 என்ற இடம், ஏ துளை, பத்தாவது கோர், எச் என்பது பிஸ்டன் முறை (சுழற்றாமல் உருளையை மண்ணுக்குள் செலுத்துவது), மூன்றாவது துண்டு, மாதிரி எடுக்கும் பாதி, அந்தத் துண்டின் மேல் முனையிலிருந்து 40 முதல் 42 சென்டிமீட்டர். எக்ஸ் வந்தால் நீட்டிய சுழல் முறை, ஆர் வந்தால் கடினப் பாறைக்கான சுழல் முறை. ஆவணப் பாதிக்கு டபிள்யூவின் இடத்தில் ஏ வரும். துளையின் ஏ-யோடு குழப்பாதீர்கள்.

ஊரிலேயே பழக

இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒரு மீட்டர், இரண்டு முனை மூடி, மரக்கட்டை, சுத்தியல், இரும்பறுக்கும் பிளேடு, அரம், கொஞ்சம் தங்கூசி (மீன்பிடி நைலான் நரம்பு). இவ்வளவு போதும். நீர் வற்றும் நேரத்தில் வெள்ளாற்று முகத்துவாரத்திலோ அரியாங்குப்பம் பக்கமோ சேற்றுக்குப் போங்கள். பிச்சாவரம் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி எடுக்கக் கூடாது. வெறுங்காலோடு இறங்காதீர்கள், சிப்பி கிழித்துவிடும்.

குழாயின் அடி விளிம்பை அரத்தால் கூராக்கி, மேலே கட்டையை வைத்து மெதுவாக அடித்து இறக்குங்கள். குழாய்க்கு வெளியே சேற்றின் மட்டத்தையும் உள்ளே இருக்கும் மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். உள்ளே தாழ்ந்திருந்தால் அவ்வளவு அமுங்கியிருக்கிறது. பின்னால் ஆழத்தைத் திருத்த அந்த எண் வேண்டும். மிச்ச இடத்தில் தண்ணீர் நிரப்பி மேல் மூடியை இறுக்கிப் போட்டுவிட்டு, முறுக்கியபடி இழுங்கள். மூடி காற்றுப் புகாமல் இருந்தால்தான் மண் வழுக்கி விழாது. அடிமுனை வெளியே வரும் முன் கையை விட்டு அடைத்துக்கொள்ளுங்கள். “மேல்” என்று அங்கேயே எழுதுங்கள், வீட்டுக்கு வந்து எழுதுவது கிடையாது.

நிமிர்த்தியே கொண்டுவந்து, குழாயின் இரு பக்கச் சுவரை மட்டும் பிளேடால் அறுத்து, தங்கூசியை அடியிலிருந்து மேலாக இழுத்தால் இரண்டாகப் பிரியும். மேலே பழுப்பு, கீழே கறுப்பு தெரியும். ஆக்சிஜன் எட்டும் ஆழம் அந்த எல்லைதான். ஒரு குச்சி நுனியளவு மண்ணைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரோடு பரப்பி, சூட்டுத் தட்டில் உலர்த்தி நுண்ணோக்கியில் பாருங்கள். எதிர்பக்கம் அச்சு எழுத்து மங்கலாகப் படிக்கும் அளவுக்கு மெலிதாக இருக்க வேண்டும். தடித்துப்போனால் ஒன்றும் தெரியாது. கப்பலில் ஒவ்வொரு அடுக்குக்கும் இதைத்தான் செய்வீர்கள். ஐம்பது தகடு ஊரிலேயே செய்துவிட்டவருக்கும் முதல் தகட்டைக் கப்பலில் செய்கிறவருக்கும் உள்ள வேறுபாடு முதல் ஷிப்டிலேயே தெரியும்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியவை

கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் கப்பலைக் கைவிடும் பயிற்சி நடக்கும், பிறகு வாரம்தோறும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் உயிர்காப்பு அங்கியோடு உங்கள் இடத்துக்குப் போக வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் கால் தானாகப் போகும்படி கேபினிலிருந்து படகு வரை முதல் நாளே இருமுறை நடந்து பாருங்கள், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தொட்டபடி.

இணையம் செயற்கைக்கோள் வழியே, மெதுவாக, சில நாள் இல்லாமலும் இருக்கும். வீட்டில் ஒருவரை மட்டும் தொடர்பாளாக வைத்து, கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணை அவரிடம் கொடுங்கள். தானே புயலைப் பார்த்த ஊர் இது. டிவியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னால் அம்மா தூங்கமாட்டார். கப்பல் புயலை முன்கூட்டியே பார்த்துக் குழாயை மேலே இழுத்துக்கொண்டு விலகிப்போகும், அந்த நாட்களில் தகவல் வராமல் இருப்பது வழக்கம்தான் என்று கிளம்பும் முன் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

கோரின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பயணத்துக்குப் பிறகும் ஏறத்தாழ ஓராண்டு தரவு பயணக் குழுவுக்கு மட்டுமே உரியது. ஷிப்ட் மாறும்போது கால் மணி நேரம் முன்னதாக வந்து, கையில் எழுதிய குறிப்போடு ஒப்படையுங்கள்: எந்தத் துண்டு வரை விவரித்தாயிற்று, எது பாதியில் நிற்கிறது, எந்தக் கருவி முரண்டு பிடிக்கிறது. வாய்ச்சொல்லை நம்பினால் நடுவில் ஒரு துண்டு விடுபடும்.

உங்கள் ஆய்வுக்கான மாதிரிகள் பெரும்பாலும் கப்பலிலேயே கிடைத்துவிடாது. இந்தியப் பெருங்கடலில் எடுத்த கோர்கள் ஜப்பானின் கோச்சி நகரில் உள்ள சேமிப்பு மையத்துக்குப் போகும். சில மாதம் கழித்து எல்லோரும் அங்கே கூடி மாதிரி எடுப்பார்கள். தேதி அறிவித்த அன்றே ஜப்பான் விசாவுக்கு வேலையைத் தொடங்குங்கள். கேட்கும் மாதிரிகளின் ஆழத்தையும் பருமனையும், மேலே சொன்ன பெயர்முறையிலேயே, கப்பலில் இருக்கும்போதே பட்டியலாக எழுதிக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.